பெரிய மாதிரி விமானத்துக்கு மின்சக்தி: கொழும்பில் இருந்து பரிசோதித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சின்ன ஃபோம் விமானம் வாங்கும்போது மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி, பற்றரி, புரொப் (சுழலும் விசிறி) எல்லாவற்றையும் யாரோ ஒருவர் முன்கூட்டியே பொருத்திப் பார்த்துத்தான் பெட்டியில் போட்டிருப்பார். சார்ஜ் ஏற்றி எறிந்தால் பறக்கும். சிறகு இரண்டு மீற்றரைத் தாண்டி, எடை ஐந்தாறு கிலோவுக்கு வந்ததும் அந்த வசதி போய்விடுகிறது. பெட்ரோல் எஞ்சினுக்கு என்று வரைந்த விமானத்தை மின்சாரத்துக்கு மாற்றுகிறீர்கள், அல்லது பால்சாவும் பிளைவுட்டும் வாங்கி நீங்களே கட்டுகிறீர்கள். எந்த மோட்டார், எத்தனை செல், எந்தப் புரொப் என்று முடிவெடுக்க வேறு ஆள் இல்லை.

பெரும்பாலானவர்கள் முதலில் மோட்டாரை வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்துகிற பற்றரியைத் தேடி, கடைசியில் கையில் கிடைத்த புரொப்பை மாட்டுகிறார்கள். நான் சொல்லப்போவது நேர் எதிரான வரிசை. புரொப்பில் தொடங்குங்கள், அங்கிருந்து பின்னோக்கி மோட்டாருக்கும் பற்றரிக்கும் வாருங்கள். சக்தி போதாது என்றால் அம்பியரைக் கூட்டாமல் செல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். போட்ட கணக்கைத் தரையிலேயே அளந்து பாருங்கள்.

மின்சார விமானம் புதுச் சங்கதி இல்லை. இங்கிலாந்தில் கேணல் டாப்ளின் ‘ரேடியோ குயின்’ என்ற மாதிரி விமானத்தை வெள்ளி-துத்தநாகப் பற்றரியில் 1957 ஜூன் 30ஆம் தேதி பறக்கவிட்டார். அன்றைய பற்றரிகளோடு ஒப்பிட்டால் இன்று நம் கையில் இருப்பது எவ்வளவோ மேல்.

முதல் படி: எடையும் வாட்டும்

வழிகாட்டி முழுவதும் ஒரே விமானத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். சிறகு 2.3 மீற்றர், சிறகுப் பரப்பு 0.85 சதுர மீற்றர், பற்றரியோடு சேர்த்து எடை 6 கிலோ. கொஞ்சம் வித்தையும் காட்டக்கூடிய சாதாரண விளையாட்டு விமானம்.

ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் வேண்டும் என்பதற்குப் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்துக்குக் கிலோவுக்குச் சுமார் 220 வாட் போதும். வளையம், உருளல் எல்லாம் செய்யும் விமானத்துக்கு 300 முதல் 330. புரொப்பில் தொங்கி நிற்கும் முப்பரிமாண வித்தைகளுக்கு 440க்குக் குறையக்கூடாது. இவை பற்றரியில் இருந்து வெளியேறும் வாட். மோட்டாரின் தண்டில் கிடைப்பது அதில் 80 முதல் 85 வீதம்தான்.

நம் விமானத்துக்குக் கிலோவுக்கு 300 என்று வைத்தால் 1800 வாட். இந்த எண்ணைக் குறித்துவையுங்கள். பெரிய விமானத்தில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 3000 வாட் மோட்டாரைப் போடுவது வீண் எடை. அந்த எடையைத் தூக்கவும் சக்தி செலவாகும்.

இரண்டாம் படி: புரொப்பைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

புரொப்பில் இரண்டு எண் இருக்கும். 20×10 என்றால் விட்டம் 20 அங்குலம், பிட்ச் 10 அங்குலம். ஒரு சுற்றில் வழுக்காமல் 10 அங்குலம் முன்னேறும் என்று பொருள். விட்டம் தள்ளுவிசையைக் கொடுக்கும், பிட்ச் வேகத்தைக் கொடுக்கும்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். நம் விமானம் காற்றில் நிற்கமுடியாமல் சரியும் வேகம், அதாவது ஸ்டால் வேகம், கணக்குப்படி மணிக்கு 35 கிலோமீற்றர் அளவில் வருகிறது. புரொப்பின் பிட்ச் வேகம் இதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருந்தால் விமானம் நன்றாகப் பறக்கும். ஆக 87 முதல் 105 வரை. பிட்ச் வேகத்தைக் கணக்கிட ஆர்.பி.எம்மை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, அங்குலப் பிட்ச்சால் பெருக்கி, அதை 0.001524 ஆல் பெருக்குங்கள். மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வரும். 10 அங்குலப் பிட்ச்சில் 5900 ஆர்.பி.எம் கிடைத்தால் 90. போதும்.

அடுத்தது, அந்த வேகத்தில் சுற்ற எவ்வளவு சக்தி பிடிக்கும் என்பது. புரொப் இழுக்கும் சக்தி விட்டத்தின் நான்காம் அடுக்கோடும், பிட்ச்சோடும், ஆர்.பி.எம்மின் மூன்றாம் அடுக்கோடும் ஏறுகிறது. இந்த ஒரு வரியை மனதில் பதித்துக்கொண்டால் பாதி மோட்டார்கள் தப்பிக்கும். ஆர்.பி.எம்மை 10 வீதம் கூட்டினால் சக்தி 33 வீதம் கூடும். விட்டத்தை 20இல் இருந்து 19க்குக் குறைத்தால் அதே ஆர்.பி.எம்மில் 19 வீதம் குறையும். பழைய புரொப்பை அப்படியே வைத்துக்கொண்டு 10 செல்லில் இருந்து 12 செல்லுக்குத் தாவினால், ஆர்.பி.எம் அதே விகிதத்தில் ஏறும் என்று வைத்துக்கொண்டால், சக்தி 70 வீதத்துக்கு மேல் எகிறும். ‘இரண்டு செல்தானே கூட்டினேன்’ என்பவரின் மோட்டார் ஏன் கருகியது என்று இப்போது விளங்கும்.

20×10 மின்சாரப் புரொப் 5900 ஆர்.பி.எம்மில் தண்டில் சுமார் 1500 வாட் கேட்கும். மோட்டாரின் இழப்பைச் சேர்த்தால் பற்றரிப் பக்கம் 1800 வாட். நம் இலக்கும் அதுவே. நின்ற இடத்தில் தள்ளுவிசை 7 கிலோவைத் தாண்டும் என்று கணக்குச் சொல்கிறது. 6 கிலோ விமானத்துக்கு இது தாராளம்.

கொழும்புக்கு என்று ஒரு திருத்தம் உண்டு. புரொப் அட்டவணைகள் பெரும்பாலும் 15 பாகை செல்சியஸ், கடல்மட்டம் என்று கணக்கிட்டவை. அங்கே காற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.225 கிலோ. நம் ஊர் 30 பாகையில் அது 1.16 அளவில்தான். ஆகவே தள்ளுவிசை அட்டவணையைவிட 5 வீதம் குறைவாகக் கிடைத்தால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். இதே விமானத்தை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் அடர்த்தி ஒன்றுக்கும் கீழே போய்விடும். அங்கே பெரிய புரொப் வேண்டும்.

மூன்றாம் படி: வோல்ட்டா, அம்பியரா?

1800 வாட்டை இரண்டு வழியில் எடுக்கலாம். 6 எஸ் பற்றரி, அதாவது ஆறு செல் தொடராக இணைத்தது, சுமையில் 21 வோல்ட் கொடுக்கும், ஆகவே 86 அம்பியர் ஓட வேண்டும். 12 எஸ் என்றால் 42 வோல்ட், 43 அம்பியர் போதும். வயர், கனெக்டர், சொல்டர் பற்று எல்லாம் சேர்ந்து 10 மில்லிஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 86 அம்பியரில் அங்கே 74 வாட் வெறும் சூடாகப் போகும். 43 அம்பியரில் 18 வாட் மட்டும். அம்பியர் பாதியானால் இழப்பு கால்பங்காகும்.

ஆகவே 1500 வாட்டுக்கு மேல் போனால் 10 எஸ் அல்லது 12 எஸ் என்பதே என் முடிவு. இதற்கு ஒரு விலை உண்டு. முழு சார்ஜில் 12 எஸ் பற்றரி 50.4 வோல்ட். வீட்டு மின்சாரம்போல் ஆளைத் தூக்கி எறியாது, ஆனால் கொழும்புப் புழுக்கத்தில் வியர்த்த கையோடு இரண்டு முனையையும் தொட்டால் நன்றாகவே உறைக்கும். மோதிரம், கைச்சங்கிலி, உலோகக் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

நான்காம் படி: மோட்டார்

வெளிக்கூடு சுற்றும் பிரஷ்லெஸ் அவுட்ரன்னர்தான் இந்த அளவுக்கு ஏற்றது. கியர் இல்லாமலே பெரிய புரொப்பைச் சுற்றும்.

கே.வி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்.பி.எம் என்பதைக் காட்டும் எண். அது அதிகமானால் மோட்டார் பலமானது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிகக் கே.வி என்றால் ஒரு அம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை குறைவு. 9.55ஐக் கே.வியால் வகுத்தால் அம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீற்றர் என்று வரும். பெரிய புரொப்புக்கு முறுக்குவிசை தேவை, ஆகவே தாழ்ந்த கே.வி.

நமக்கு வேண்டிய கே.வியைக் கண்டுபிடிக்க, சுமையில் பற்றரி கொடுக்கும் 42 வோல்ட்டில் இருந்து தொடங்குங்கள். மோட்டார் சுருளின் தடையில் இரண்டு வோல்ட் போகட்டும். மிச்சம் 40. இலக்கு 5900ஐ 40ஆல் வகுத்தால் 148. சந்தையில் 150, 160, 165 என்று கிடைக்கும். 150க்குக் கிட்ட இருப்பதை எடுங்கள், 165 வரை சமாளிக்கலாம். 165 எடுத்தால் புரொப்பை ஒரு அங்குலம் குறைக்க நேரிடலாம். இது முன்பே தெரிந்திருந்தால் பயமில்லை.

மோட்டாரின் எடையையும் பாருங்கள். விளம்பரத்தில் ‘அதிகபட்சம் 3000 வாட்’ என்று போட்டிருப்பதை நம்புவதைவிட, ஒரு கிராமுக்கு 3 வாட் என்ற கணக்கை நம்பலாம். 1800 வாட்டுக்கு 600 கிராம் மோட்டார். 350 கிராம் மோட்டார் 2500 வாட் தாங்கும் என்று யாராவது சொன்னால், எத்தனை விநாடிக்கு என்று கேளுங்கள்.

43 அம்பியரில் இந்த மோட்டார் விமானத்தின் முன்பலகையைச் சுமார் 2.5 நியூட்டன் மீற்றர் முறுக்கும். முன்பலகை 6 மில்லிமீற்றர் பிளைவுட்டாவது இருக்கவேண்டும். திருகாணிக்குப் பதில் நட்டும் போல்ட்டும் போடுங்கள், நட்டுகள் அதிர்வில் கழலாமல் பூட்டுப் பசையும் ஒரு துளி.

ஐந்தாம் படி: பற்றரி

12 எஸ்ஸை ஒரே பொதியாக வாங்கவேண்டாம். இரண்டு 6 எஸ் பொதிகளை வாங்கித் தொடராக இணையுங்கள். காரணம் பல. சாதாரண 6 எஸ் சார்ஜரே போதும். ஒன்று பழுதானால் மற்றது மிஞ்சும். விமானத்துக்குள் வைக்க இடம் பிரித்துக்கொள்ளலாம்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு மற்றுமொரு காரணம், பொருள் வந்து சேரும் வழி. லித்தியம் பற்றரிகளைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக அனுப்புவது 2016 ஏப்ரலில் இருந்து தடை. சரக்கு விமானத்தில் வந்தாலும் 30 வீத சார்ஜுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆகவே தபாலில் எடுப்பிப்பது இழுபறியான வேலை. லண்டனில் இருந்தோ துபாயில் இருந்தோ மாமா, மச்சான் யாராவது வரும்போது கைப்பையில் கொண்டுவரச் சொல்வதுதான் நம் ஆட்களின் வழக்கம். அதற்கும் விதி உண்டு. ஒரு பற்றரி 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுவரலாம். 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதுவும் இரண்டு மட்டும். பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 6 எஸ் 5000 எம்.ஏ.எச் (5 அம்பியர்-மணி) பொதி 22.2 வோல்ட்டை 5ஆல் பெருக்கி 111 வாட்-மணி. சம்மதம் கேட்க வேண்டிய பக்கம் விழுகிறது. 6 எஸ் 4000 என்றால் 88.8. சிக்கலே இல்லை. நம் விமானத்துக்கு 4000 எம்.ஏ.எச்சைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். முனைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, வாட்-மணி எழுதிய லேபிள் தெரியும்படி கொண்டுவரச் சொல்லுங்கள். மாமாவைச் சோதனைக் கூடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

எவ்வளவு நேரம் பறக்கலாம்? இரண்டு பொதியும் சேர்த்து 177.6 வாட்-மணி. அதில் 80 வீதம் பயன்படுத்தினால் 142. சராசரியாக 800 வாட் எடுத்தால் பத்து நிமிடம். தரையிறங்கக் கொஞ்சம் மிச்சம் வைத்து டைமரை ஏழு நிமிடத்தில் வையுங்கள்.

லேபிளில் உள்ள ‘சி’ எண்ணை, அதாவது கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு அம்பியர் எடுக்கலாம் என்பதை, அவ்வளவாக நம்பவேண்டாம். 43 அம்பியரை 4ஆல் வகுத்தால் 11 சி கூட வரவில்லை, நமக்கு அது போதும். செல்லின் உள்தடைதான் உண்மையைச் சொல்லும். நல்ல சார்ஜர்கள் அதைக் காட்டும். புதிதாக வந்த அன்றே ஒவ்வொரு செல்லின் உள்தடையையும் எழுதிவையுங்கள். பன்னிரண்டு செல்லும் தலா 3 மில்லிஓம் என்றால் 43 அம்பியரில் ஒன்றரை வோல்ட் மட்டும் இறங்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றின் இரு மடங்கு காட்டினால் அந்தப் பொதியைப் பெரிய விமானத்தில் போடவேண்டாம்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் இருப்பவர்கள் சார்ஜ் ஏற்றும் இடத்தை முதலில் தீர்மானியுங்கள். கட்டில், திரைச்சீலை, வாசல்வழி இவற்றுக்குப் பக்கத்தில் கூடாது. பல்கனியில் சீமெந்துத் தரையில், அடியில் ஓடு வைத்து, பக்கத்தில் மணல் வாளியோடு, ஆள் முன்னால் இருக்கும்போது மட்டும். 4000 எம்.ஏ.எச் பொதியை 4 அம்பியரில் ஏற்றுங்கள், அவசரப்பட வேண்டாம். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். இந்த வெப்பத்தில் 4.2இல் ஒரு வாரம் கிடந்தால் ஊதத் தொடங்கும். குளிர்நாட்டுக்காரர்கள் பறக்குமுன் பற்றரியைச் சூடாக்குகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவிடாமல் இருந்தாலே போதும்.

ஆறாம் படி: ஈ.எஸ்.சி, வயர், கனெக்டர்

43 அம்பியருக்கு 80 அம்பியர் ஈ.எஸ்.சி. 12 எஸ் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். 6 எஸ் ஈ.எஸ்.சியில் 12 எஸ் கொடுத்தால் கனெக்டர் தொட்ட கணத்திலேயே போய்விடும்.

வயரை நீட்டவேண்டி வந்தால் மோட்டார்ப் பக்கத்து மூன்று வயர்களை நீட்டுங்கள். பற்றரிப் பக்கத்தை நீட்டினால், ஈ.எஸ்.சி மின்னோட்டத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும்போது வயரின் தூண்டல் காரணமாக வோல்ட் துள்ளும். ஈ.எஸ்.சியின் கப்பாசிட்டர்கள் சூடாகி வெடிக்கும். பெரிய விமானத்தில் மோட்டார் மூக்கில், பற்றரி சமநிலைக்காக நடுவில் என்பதால் இந்தச் சிக்கல் எல்லோருக்கும் வரும். வழியில்லாமல் பற்றரி வயரை நீட்டினால், ஈ.எஸ்.சிக்குக் கிட்ட, கூடுதலான ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் 220 மைக்ரோபரட் அளவில் 63 வோல்ட் கப்பாசிட்டர் சேர்ப்பது பொதுவான வழக்கம். ‘லோ ஈ.எஸ்.ஆர்’, அதாவது உள்தடை குறைந்த வகை வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் கேளுங்கள். 50 வோல்ட்டைக் கொடுத்துச் ‘சரிவரும்’ என்பார்கள். சரிவராது, முழு சார்ஜே 50.4.

வயர் சிலிக்கோன் உறை போட்ட, மெல்லிய இழைகள் நிறைந்த 10 ஏ.டபிள்யூ.ஜி (வயர்த் தடிப்பின் அளவு). ஹார்ட்வெயாரில் கிடைக்கும் வீட்டு வயரை இதற்குப் பயன்படுத்தவேண்டாம். அதிர்வில் இழை முறியும், உறையும் சூட்டில் இளகும்.

12 எஸ் பற்றரியைக் கொழுவும்போது காலியாக இருக்கும் கப்பாசிட்டர்கள் ஒரே வாயில் குடிப்பதால் பட்டென்று பொறி பறக்கும், கனெக்டர் கருகும். உள்ளே தடை வைத்த எக்ஸ்.ரி 90 எஸ் அல்லது ஏ.எஸ் 150 வகைப் பொறியில்லா கனெக்டர் போடுங்கள். பாதி நுழைத்து ஒரு கணம் நிறுத்தி, பிறகு முழுதாகத் தள்ளவேண்டும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று கனெக்டரையும் மோட்டாரின் பெயாரிங்கையும் அரிக்கும். மாதத்துக்கு ஒருமுறை துடைத்து, பெயாரிங்குக்கு ஒரு துளி எண்ணெய்.

ஈ.எஸ்.சி அமைப்புகளில் மூன்றை மட்டும் கவனியுங்கள். தாழ்வோல்ட் வெட்டு செல்லுக்கு 3.3, அதுவும் மெதுவாகக் குறைக்கும் முறையில். திடீர் வெட்டு வேண்டாம். தொடக்கம் மென்மையாக. பிரேக் இல்லை.

ரேடியோவுக்குத் தனிப் பற்றரி போடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. ஆறு கிலோ விமானத்தின் சேர்வோக்கள், அதாவது சிறகிலும் வாலிலும் உள்ள பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்கள், ஒரே நேரத்தில் இழுத்தால் 10 அம்பியரைத் தாண்டும். இரண்டு செல் லித்தியம்-இரும்பு பொஸ்பேற் பற்றரி 6.6 வோல்ட் கொடுக்கும், அதை நேராக ரிசீவருக்கே கொடுக்கலாம், சேர்வோக்கள் அந்த வோல்ட்டைத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள். மோட்டார் பற்றரி செத்தாலும் விமானத்தைச் சறுக்கி இறக்கிவிடலாம்.

ஏழாம் படி: சோதனை மேசை

இதுவரை போட்டது காகிதக் கணக்கு. பரிசோதனை இங்கேதான் தொடங்குகிறது.

தள்ளுவிசையை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். மேசை லாச்சிக்குப் போடும் இரும்பு றெயில் ஒரு சோடி, பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று. றெயில்களைக் கனமான பலகையில் பூட்டி, அவற்றின் மேல் மோட்டார் தாங்கியை ஓடவிட்டு, பின்பக்கம் தராசைக் கட்டுங்கள். மோட்டார் முன்னே இழுக்கும், தராசு கிலோவில் காட்டும். தாங்கி றெயிலைவிட்டு வெளியே ஓடாமல் முன்னால் தடுப்புப் போல்ட் கட்டாயம். தராசு அறுந்தால் அதுதான் உங்களைக் காப்பாற்றும். பலகையைச் சுவரோடு பிணைத்த மேசையிலோ நிலத்தில் அறைந்த கட்டையிலோ பூட்டுங்கள். மணல் மூட்டை போதாது.

20 அங்குலப் புரொப்பின் நுனி 5900 ஆர்.பி.எம்மில் மணிக்கு 565 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. புரொப் சுற்றும் தளத்தில், அதாவது அதன் பக்கவாட்டில், யாரும் நிற்கக்கூடாது. அலகு (பிளேட்) முறிந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும். பின்னால் நில்லுங்கள், குறைந்தது மூன்று மீற்றர் தள்ளி. பிள்ளைகள், நாய், சாரத்தோடு வேடிக்கை பார்க்கவரும் பக்கத்து வீட்டு அண்ணன், எல்லோரும் பின்னால். தொடர்மாடிப் பல்கனியில் இதை ஓட்டாதீர்கள், நகருக்கு வெளியே வளவு உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போங்கள். போயா விடுமுறை இதற்கு வசதி, விகாரைக்குக் கிட்ட இல்லாவிட்டால்.

அளக்கும் கருவிகள் நான்கு.

வாட் மீற்றர் பற்றரிக்கும் ஈ.எஸ்.சிக்கும் நடுவே போகும். 60 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். கிளாம்ப் மீற்றர் வாங்கினால் நேரோட்டத்தையும் அளக்குமா என்று கடையிலேயே பாருங்கள். மலிவான பலவும் வீட்டு மின்சாரத்தின் ஆடலோட்டத்தை மட்டும் அளக்கும், பற்றரி வயரில் பிடித்தால் பூச்சியம் காட்டும்.

ஆர்.பி.எம் அளக்க ஒளி வகை டாக்கோமீற்றர். அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க நம் ஊரில் ஒரு இலவச வழி இருக்கிறது. சோக் போட்ட பழைய குழல்விளக்கின் கீழே பிடியுங்கள். மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு விநாடிக்கு நூறு தடவை மினுங்கும், இரண்டு அலகு என்று வைத்தால் மீற்றர் 3000 காட்டவேண்டும். எல்.ஈ.டி விளக்கை இதற்கு நம்பமுடியாது. அதே காரணத்துக்காக, புரொப்பை அளக்கும்போது வெளிச்சத்துக்குச் சூரியனையே நம்புங்கள்.

கடைசியாக, தூர இருந்து பார்க்கும் வெப்பமானி.

எட்டாம் படி: ஓட்டி, எழுதி, மாற்றி

ஒரு சி.ஆர். கொப்பியை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, காற்றின் வெப்பநிலை, புரொப், பற்றரியின் ஓய்வு வோல்ட். கீழே த்ரொட்டில் கால், அரை, முக்கால், முழு என்று நான்கு வரிசை, ஒவ்வொன்றுக்கும் வோல்ட், அம்பியர், வாட், ஆர்.பி.எம், தள்ளுவிசை.

முதல் ஓட்டம் புரொப் இல்லாமல். சுற்றும் திசை சரியா என்று மட்டும் பாருங்கள். பிழை என்றால் மோட்டார் வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொழுவினால் திசை திரும்பும். பற்றரி வயர்களை ஒருபோதும் மாற்றிக் கொழுவாதீர்கள்.

அடுத்து, வேண்டுமென்றே சின்னப் புரொப், 18×8. அளவிட்டு எழுதுங்கள். கணக்கோடு ஒத்துப்போகிறது என்றால் 19×10, பிறகு 20×10. முழு த்ரொட்டிலை 10 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். விமானம் நகரும்போது புரொப்பின் சுமை குறையும், அம்பியர் பத்து இருபது வீதம் இறங்கும், குளிர்காற்றும் கிடைக்கும். மேசையில் இரண்டும் இல்லை.

20×10இல் 43 அம்பியரை எதிர்பார்த்தீர்கள், 51 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆர்.பி.எம்மைப் பாருங்கள். அது 6200க்கு மேல் என்றால் மோட்டாரின் கே.வி லேபிளைவிடக் கூட என்று அர்த்தம். புரொப்பை 19×10க்குக் குறையுங்கள், அல்லது வேகம் தேவையில்லை என்றால் 20×8. ஆர்.பி.எம் 5800தான், ஆனால் அம்பியர் மட்டும் கூட என்றால் கதை வேறு. சக்தி எங்கோ சூடாகப் போகிறது. மோட்டார் கொதிக்கிறதா? ஈ.எஸ்.சியின் டைமிங், அதாவது சுருளுக்கு மின்னோட்டத்தை எவ்வளவு முன்கூட்டியே மாற்றிக் கொடுக்கிறது என்பது, அதிகமா? 14 காந்தம் உள்ள சாதாரண அவுட்ரன்னருக்கு 8 முதல் 15 பாகைக்குள் வையுங்கள். ஆர்.பி.எம்மும் குறைவு, அம்பியரும் குறைவு, வோல்ட் 38க்கு இறங்கிவிட்டது என்றால் பற்றரிதான் கிழடு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புரொப்பையும் டைமிங்கையும் ஒரே ஓட்டத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று கடைசிவரை விளங்காது. ஒவ்வொரு தடவையும் பற்றரி அதே சார்ஜில் இருக்கவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம். 50 வோல்ட்டில் தொடங்கிய 18×8ஐயும் 46 வோல்ட்டில் தொடங்கிய 20×10ஐயும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

ஓட்டம் முடிந்ததும் கையை வைக்காமல் வெப்பமானியால் மோட்டாரைப் பாருங்கள். வெளிக்கூடு 80 பாகையைத் தொட்டால் அன்றைய வேலை முடிந்தது. மலிவான நியோடிமியம் காந்தங்கள் அந்தச் சூட்டில் காந்தத்தன்மையை இழக்கத் தொடங்கும், உள்ளே சுருள் அதைவிடச் சூடாக இருக்கும். கனெக்டர்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மற்றவை 40 பாகையில் இருக்க ஒன்று மட்டும் 65 காட்டினால் அந்த சொல்டர் பற்றைக் கழற்றித் திரும்பச் செய்யவேண்டும்.

ஒன்பதாம் படி: விமானத்துக்குள்

குளிர்காற்று உள்ளே வருவதைவிட வெளியே போவதற்கு அதிக வழி வேண்டும். வெளித்துளை உள்துளையைப்போல் ஒன்றரை முதல் இரு மடங்கு. 30 பாகையில் தொடங்கும் நமக்கு இது கட்டாயம்.

இரண்டு பொதியும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல். அவற்றை முன்பின் நகர்த்தியே சமநிலை எடுக்கலாம், ஈயம் சேர்க்க வேண்டியதில்லை. வெல்க்ரோப் பட்டி இரண்டு, அடியில் வழுக்காத றப்பர். விமானத்தின் வெளிப்பக்கத்தில், புரொப்புக்குப் பின்னால் கை எட்டும் இடத்தில், கழற்றக்கூடிய பாதுகாப்பு பிளக் வையுங்கள். அது செருகாதவரை மோட்டாருக்கு மின்சாரமே போகாது. ரேடியோ சமிக்ஞை அறுந்தால் த்ரொட்டில் பூச்சியத்துக்குப் போகும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, றிமோட்டை அணைத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். புரொப்பைக் கழற்றிவிட்டுத்தான்.

பத்தாம் படி: எங்கே, எப்போது

காலிமுகத்திடலில் பட்டம் விடலாம், இதை விடமுடியாது. சனக்கூட்டம் ஒருபக்கம், ஜனாதிபதி செயலகம் மறுபக்கம். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரை என்றால் இரத்மலானை விமான நிலையம் கூப்பிடு தூரத்தில். ஆளில்லா வான்கலங்களுக்கான விதிகளை இலங்கைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை வகுக்கிறது. ஆறு கிலோ விமானம் விளையாட்டுச் சாமான் என்ற கணக்கில் தப்பாது. பறக்கப்போகும் இடத்துக்கும் விமானத்துக்கும் என்ன அனுமதி வேண்டும் என்பதை வாங்கும் முன்பே அங்கே கேட்டு எழுத்தில் பெறுங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆளில்லா வான்கலங்கள் எல்லாவற்றையும் அதிகாரசபை சிலகாலம் தடைசெய்தது. அந்த நாட்களை நினைவில் வைத்திருக்கும் பொலிஸ்காரரிடம் வாயால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிடக் கையில் கடிதம் இருப்பது நல்லது. காணி தனியார் வளவாக இருந்தாலும் உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நேரம் காலை. பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று ஏறும். மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் நிச்சயம்போல வரும்.

முதல் பறப்பில் புதிதாக எதையும் சோதிக்காதீர்கள். றிமோட்டை முதலில் போட்டு, ரிசீவரைப் போட்டு, சிறகிலும் வாலிலும் உள்ள பலகைகள் அசைகின்றனவா பார்த்து, ஒருவர் வாலைப் பிடிக்க, கடைசியாகப் பாதுகாப்பு பிளக். அரை த்ரொட்டிலுக்குச் சற்று மேலேயே விமானம் ஓடி எழும்ப வேண்டும். நான்கு நிமிடத்தில் இறக்கி, சார்ஜ் ஏற்றும்போது எத்தனை எம்.ஏ.எச் திரும்ப உள்ளே போகிறது என்று பாருங்கள். நான்கு நிமிடத்துக்கு 1400 போனால் நிமிடத்துக்கு 350. பற்றரியின் 80 வீதமான 3200ஐ 350ஆல் வகுத்தால் ஒன்பது நிமிடம், டைமரை ஏழில் விட்டுவிடலாம். ஈ.எஸ்.சி பறப்பின் பதிவை வைத்திருக்கும் வகை என்றால் உச்ச அம்பியரையும் மிகத் தாழ்ந்த வோல்ட்டையும் கொப்பியில் மேசை எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். காற்றில் எடுத்த அம்பியர் மேசையில் எடுத்ததைவிடக் குறையாமல் நின்றால் புரொப்பின் பிட்ச் விமானத்தின் வேகத்துக்கு அதிகம். அடுத்த போயாவுக்கு 20×8ஐ மாட்டிப் பாருங்கள்.